அத்தையின் கையில் தேள்

என் மாமியார் தேள்தான் வேண்டும் என்றார்.

பச்சை குத்த வந்தவள் எங்கள் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மயில், தேர், தாமரை, நாலு மூலைக் கோலம் என்று ஒரு பழந்துணியில் வரைந்து வைத்திருந்ததை எல்லாம் விரித்துக் காட்டினாள். அத்தை அந்தத் துணிப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தேளு போடத் தெரியுமா தெரியாதா? அதைச் சொல்லு மொதல்ல."

"தெரியாம என்ன ஆத்தா. எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன். ஆனா உங்க நெறத்துக்கு மயிலு எடுப்பா இருக்கும்."

"மயிலை வேற யாருக்காச்சும் போடு."

நான் பக்கத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய மாமியார் ஒருவர், தானே தெருவாசலுக்குப் போய்ப் பச்சை குத்துகிறவளைக் கூப்பிட்டு வந்து, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்து உட்காரவைத்ததை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை, கேட்டதுமில்லை.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்தது ராசிங்காபுரம். காடு கரை வைத்து வெள்ளாமை செய்கிற குடும்பம். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பச்சை இருக்கும். யாருக்காவது குத்தினால் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு அதே சோலிதான். அக்காமார்களுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தே நான் வளர்ந்தேன். கட்டிக்கொடுத்தது போடியில். மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் மலைமேல், உச்சியிலிருக்கும் மெட்டைத் தாண்டி மலையாளத்துப் பக்கம், ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. தோட்டத்திலேயே தங்கி, எப்போதாவது கீழே இறங்குவார். என் வீட்டுக்காரர் ஊருக்குள் ஏலக்காய் மண்டி ஒன்றில் எடை போடுகிற வேலை பார்த்தார். அத்தையும் நானும் மண்டியிலிருந்து வரும் காயை வீட்டில் வைத்துக் காம்பு கிள்ளி, பெரியது சின்னது, பச்சை வெளுப்பு என்று பொறுக்கிப் பிரித்துக் கொடுப்போம்.

எதிரெதிரே முறத்தை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருப்போம். பேச்சு இருக்காது. "சரிங்கத்தே", "இல்லைங்கத்தே" என்பதற்கு மேல் எனக்கு வாயில் வராது. அத்தை கடுமையானவர் இல்லை. ஆனால் அவரும் பேசுகிறவர் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் காய் விழுகிற சத்தம்தான் இருக்கும்.

அப்படி ஒரு நாள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று, "வலிச்சுச்சா?" என்றார். எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மோவாயால் என் கையைக் காட்டினார்.

"சின்னப் பிள்ளையில குத்துனதுங்கத்தே. ரொம்ப அழுதேன். எங்கம்மா வாயில கருப்பட்டியை வச்சு அமுக்கிருச்சு."

"ம்" என்றார். அவ்வளவுதான். மறுபடி காய் விழுகிற சத்தம். அவருடைய கைகளை நான் அன்றைக்குத்தான் கவனித்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லாத வெறுங்கை. எங்கள் ஊரில் அந்த வயசில் அப்படிக் கை பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்துத்தான் தெருவில் பச்சை குத்துகிறவளின் குரல் கேட்டது. அத்தை முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து போனார்.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..." என்று நான் இழுத்தேன்.

"அவரு தீவாளிக்குத்தான் எறங்குவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அதுக்குள்ள ஆறிரும். ஆறாதா?"

நான் சொன்னால் ஆறிவிடும் என்பது போல என் முகத்தையே பார்த்தார்.

"ஆறிருங்கத்தே" என்றேன்.

பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவளிடம் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கடையில் கொஞ்சம் தாய்ப்பால் வாங்கி வந்தேன். விளக்குக் கரியை அதில் குழைத்துக்கொண்டு, நாலைந்து ஊசிகளை நூலால் இறுக்கிக் கட்டியிருந்ததை எடுத்தாள் அந்த அம்மாள். முதலில் ஒரு குச்சியைத் தொட்டு அத்தையின் வலது முன்கையில், உள்பக்கம், தேளை வரைந்தாள். அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "இன்னுங்கொஞ்சம் கீழே" என்றார். அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். "கொடுக்கு படுத்துக் கெடக்கே. தூக்கிக்கிட்டு நிக்கணும்." மறுபடி அழித்தாள். மூன்றாவது தடவை வரைந்த தேள் வாலை வளைத்துத் தூக்கி, இதோ இப்போது போடப்போகிறேன் என்பது போல நின்றது. அத்தைக்குத் திருப்தி.

ஊசி இறங்க ஆரம்பித்ததும் அத்தை என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத் தொட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அழவில்லை, முனகவில்லை. குத்துகிறவள் வலி தெரியாமல் இருக்க ராகம் இழுத்து என்னவோ பாடிக்கொண்டே குத்தினாள். அத்தை அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. என் விரலைத்தான் நெரித்துக்கொண்டிருந்தார். முடிந்தபோது என் விரல் வெளுத்துப் போயிருந்தது.

"தண்ணி பட்டா என்ன செய்யணும், வீங்குனா என்ன செய்யணும்?" என்று அத்தை கேட்டார்.

குத்துகிறவள் கூலியாகக் கொடுத்த அரிசியையும் பழைய சேலையையும் மடியில் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். தேவாரம் ஊரில் ஏதோ விசேஷ வீட்டுக்கு வெரசாப் போக வேண்டுமாம். "உங்க மருமக கை பூரா பச்சையை வச்சுக்கிட்டு எங்கிட்டக் கேக்குறீங்களே. அந்தப் பிள்ளைக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

அத்தை என்னைப் பார்த்தார். "என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

இப்படித்தான் அந்தக் கை என் பொறுப்புக்கு வந்தது.

முதல் தகராறு வளையலில் வந்தது. அத்தையின் வலது கையில் கண்ணாடி வளையல் நிறைய உண்டு. கையை ஆட்டினால் அது நேரே புண்ணில் போய் இடிக்கும். கழற்ற வேண்டும் என்றேன். "புருசன் இருக்கையில வளையலைக் கழட்டுறதா?" என்று அத்தை முகம் மாறினார். நான் யோசித்துப் பார்த்து, ஒரு மஞ்சள் கயிற்றை அந்த மணிக்கட்டில் தளர்வாகக் கட்டிவிட்டு, வளையலை எல்லாம் விளக்கெண்ணெய் தடவி ஒவ்வொன்றாக உருவி இடது கையில் போட்டுவிட்டேன். இடது கை கனத்துப் போனது. சோறு பிசைய, தலை வார, மூக்கைச் சொறிய எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான் என்பதால், அத்தை வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வந்ததும் வராததுமாக, "என்ன, வீட்டுக்குள்ள மாடு கட்டியிருக்கா?" என்று கேட்டார். அத்தை கையைக் காட்டினார். அவர் தேளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றார். "தீவாளிக்குத் தெரியும்" என்று அத்தை சொன்னார்.

மறுநாள் கை வீங்கி, தேள் தடித்துப் படுத்திருந்தது. சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. வீக்கமும் ஒரு நாள் காய்ச்சலும் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிறந்த வீட்டில் தெரிந்திருப்பது வேறு, மாமியார் கையை வைத்துக்கொண்டு தெரிந்திருப்பது வேறு. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. கொதித்து ஆறின தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தேன். பசுமஞ்சளைத் தேங்காயெண்ணெயில் மைய அரைத்து மெல்லப் பூசினேன். தலையணையைத் தூக்கி வைத்து அதன்மேல் கையைச் சாய்த்துப் போட்டேன். இட்ட கஞ்சியை மறுபேச்சில்லாமல் குடித்தார். காலையில் வேர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. நான் போய் மஞ்சளைத் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு குறைந்திருந்தது. "நல்லாருக்கு" என்று சொன்னபோது என் குரலே எனக்குப் பெரிய மனுஷி குரலாகக் கேட்டது.

அதிலிருந்து வீட்டில் என் அதிகாரம் நடக்க ஆரம்பித்தது. கருவாடு கிடையாது, கத்தரிக்காய் கிடையாது, புளித்த மோர் கிடையாது. அரிப்பைக் கிளப்பும் என்று எங்கள் ஊரில் ஒதுக்கியதை எல்லாம் ஒதுக்கினேன். வெயிலில் போகக்கூடாது. அடுப்பு அனலில் உட்காரக்கூடாது. மிளகாய் இருக்கிற அம்மிப் பக்கமே வரக்கூடாது. ஏலக்காய்த் தூசி புண்ணில் படும் என்பதால் அத்தையின் முறத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். இரண்டு முறத்து வேலை. என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அம்மாவின் இடத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளினார். மண்டியில் நாளெல்லாம் காயைப் பார்த்துவிட்டு வந்து வீட்டிலும் காய். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தை தலையணையில் கையை வைத்தபடி, "அது வெளுப்புடா, இங்கிட்டுப் போடு" என்று மகனைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தச் சாயங்காலங்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. அந்த வீட்டில் நான் வந்த பிறகு அவ்வளவு பேச்சு கேட்டது அப்போதுதான்.

புண் காய்ந்து கறுப்பாகப் பொருக்குத் தட்ட ஆரம்பித்தது. அதோடு அரிப்பும் வந்தது. பச்சையில் பாடே அதுதான். குத்தும்போது அழாதவர்கள்கூட அரிப்பில் அழுதுவிடுவார்கள். சொறிந்தால் பொருக்கோடு கரியும் சேர்ந்து வந்துவிடும். அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடும். என் சின்னக்காவுக்குத் தேர்ச் சக்கரம் ஒன்று அப்படித்தான் போனது.

நான் கிணற்றடியில் இருந்துவிட்டு உள்ளே வந்தேன். அத்தை சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்து, நகத்தை மெல்லப் பொருக்கின் ஓரத்தில் வைத்திருந்தார்.

"அத்தே! கையை எடுங்க! என்ன செய்யுறீங்க!"

நான் கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கத்தின பிறகுதான் யாரைக் கத்தினேன் என்று உறைத்தது. அத்தை திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டு, திருட்டுத்தனம் செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடது கை வளையல் எல்லாம் சேர்ந்து சிரித்தது.

"ஏத்தா, உனக்கு இம்புட்டுச் சத்தம் வருமா? நான் ஊமைப் பிள்ளையைக் கொண்டாந்துட்டமோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

வேப்பங்கொழுந்து ஒடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சொறியத்தான் கூடாது; கொழுந்தால் வருடலாம், சுற்றிலும் உள்ளங்கையால் லேசாகத் தட்டலாம். தட்டிக்கொண்டே இருந்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போது தைரியம் வந்திருந்ததால் கேட்டேன்.

"ஏத்தே, தேளு எதுக்கு?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். கல்யாணமான புதிதில் அத்தையும் மாமாவோடு மலைமேலேயே இருந்தாராம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒற்றை அறை. என் வீட்டுக்காரர் அப்போது அத்தையின் வயிற்றில். மழைக்காலம். விறகு எடுக்கக் கையை விட்ட இடத்தில் தேள் போட்டுவிட்டது.

"இந்தா, இந்த எடத்துல." இடது கையால் காட்டினார். குத்தின தேளின் கொடுக்கு எங்கே முடிகிறதோ, சரியாக அந்த இடம். 'இன்னுங்கொஞ்சம் கீழே' என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்க மாமா பதறிப்போயி மந்திரிக்கிற ஆளைக் கூட்டியாறேன்னு மலையை விட்டு எறங்கி ஓடிட்டாரு. அன்னைக்கு ஏது பஸ்சு, ஜீப்பு? நடைதான். நான் ஒத்தையிலே கெடந்தேன். பக்கத்து லயத்துல ஒரு மலையாளத்துச் சேச்சி. அது என்னமோ எலையை அரைச்சு வச்சுக் கட்டிட்டு, எங்கூடவே உக்காந்திருந்துச்சு. கை எரியுது, வயித்துல பிள்ளை உருளுது. நான் அழலை. மறுநா வெடியையில வலி எறங்கிருச்சு. எந்திரிச்சுக் கஞ்சி காச்சிட்டேன். அப்ப வந்து நிக்கிறாரு மனுசன், கால் பூரா ரத்தம், பின்னாடி மந்திரிக்கிறவரு. நான் அடுப்படியில நிக்கிறதைப் பாத்துட்டு அப்பிடியே உக்காந்து அழுதாரு."

"அதுக்காகவா அத்தே?"

"எதுக்காகன்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? போட்டுக்கிடணும்னு இருந்துச்சு. மயிலை நான் எங்க பாத்தேன். எனக்குப் பழக்கம் தேளுதான்."

சொல்லிவிட்டு, "இந்தப் பக்கம் தட்டு" என்று கையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை மலைமேல் அடித்துக் கொட்டியது. பறித்த காயைக் காயவைக்க முடியாமல், தோட்டத்துக்காரர் லோடு ஏற்றிக் கீழே அனுப்பச் சொல்லிவிட்டார். மாமா அந்த ஜீப்பிலேயே வந்து இறங்கிவிட்டார். தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது.

பொழுது சாயும் நேரம். மழை மூட்டத்தில் வீட்டுக்குள் மங்கலாக இருந்தது. இன்னும் விளக்கு ஏற்றவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். அத்தை முற்றத்து ஓரம் பாயில் படுத்து, தலையணையில் கையைப் போட்டபடி கண் அசந்திருந்தார். பொருக்குக் கட்டின தேள், கறுத்துத் தடித்து, வாலைத் தூக்கிக்கொண்டு கையில் உட்கார்ந்திருந்தது. மாமா வாசலில் காலைக் கழுவிவிட்டு, நனைந்த துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"அடியே! அசையாதே! கையை அசைச்சுராதே!"

அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் ஓடிவருவதற்குள், ஈரத் துண்டைச் சுழற்றி அந்தக் கையில் இரண்டு போடு போட்டுவிட்டார். அத்தை அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மாமா தலையணையைத் தூக்கி எறிந்தார். பாயை உதறினார். "எங்க போச்சு? அடிபட்டுச்சே, எங்க விழுந்துச்சு? பிள்ளே, வெளக்கைக் கொண்டா! வெளக்கைக் கொண்டா வெரசா!"

விளக்கைக் கொண்டு போனேன். மாமா இன்னும் பாயடியில் தேடிக்கொண்டிருந்தார். அத்தை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை வெளிச்சத்தில் நீட்டினார்.

"இங்கதான் இருக்கு. பாத்துக்கங்க."

மாமா குனிந்து பார்த்தார். பின்னால் நகர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். "எந்தா இது?" என்றார். மலைமேலேயே இருந்து இருந்து, அதிர்ச்சி வந்தால் அவருக்கு மலையாளம்தான் வரும்.

"பச்சை."

"பச்சையா?"

"ஆமா."

மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். துண்டு கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அப்பாவையும் அம்மாவையும் பார்த்ததுமே விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. "உனக்கும் தெரியுமாடா?" என்று மாமா கேட்டதும், சிரிப்பை அடக்க முடியாமல் வந்த வழியே வாசலுக்குப் போய்விட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்புடாதா?" என்றார் மாமா.

"சொன்னா வேணாம்னு சொல்லுவீங்க."

"வேணாம்னுதான் சொல்லுவேன். ஊரு உலகத்துல வேற எதுவும் கெடைக்கலையா? ஒரு கிளி, ஒரு பூவு? நான் அன்னைக்கு ஓடுன ஓட்டம் எனக்குல்ல தெரியும். இன்னைக்கு வீட்டுக்குள்ள வந்தா அதே கையில அதே சனியன்!"

அத்தை கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் மாமா ரத்தத்தைக் கவனித்தார். துண்டு அடித்த இடத்தில், கொடுக்குப் பக்கம், பொருக்குப் பெயர்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மாமா எழுந்துவிட்டார். "மஞ்சள் எங்க இருக்கு?" என்றார். நான் எடுக்கப் போனேன். "நீ இரு ஆத்தா, நான் பண்ணுனது, நான் பாக்குறேன்" என்று அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து அவரே அரைத்தார். அரைக்கத் தெரியவில்லை, திப்பி திப்பியாக வந்தது. அதை நான் வாங்கி மறுபடி அரைத்துக் கொடுத்தேன். பூசும்போது அத்தையைவிட அவர்தான் அதிகம் முகத்தைச் சுளித்தார்.

தீபாவளிக்கு முன்னாலேயே பொருக்கு எல்லாம் தானாக உதிர்ந்தது. எண்ணெய் தடவித் துடைத்தேன். புதுத் தோலுக்கு அடியிலிருந்து பச்சை நிறம் மினுங்கிக்கொண்டு வந்தது. கால்கள், கொடுக்கைத் தூக்கிய வால், முன்னால் இரண்டு கவ்வி, எல்லாம் அழகாக விழுந்திருந்தன. நுனியில் மட்டும் இல்லை. துண்டடியில் பெயர்ந்த இடத்தில் வெறும் தோல்தான் இருந்தது. வால் வளைந்து வந்து, கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல் நின்றது.

"இருந்துட்டுப் போகட்டும் விடு. கொடுக்கு இல்லாட்டி நமக்கும் நிம்மதி" என்று மாமா சமாதானம் சொன்னார்.

"கொடுக்கு இல்லாததைத் தேளுன்னு எவன் சொல்லுவான்? பல்லின்னுல்ல சொல்லுவான்!" என்று அத்தை விடவில்லை. "ஒடிச்சது நீங்கதானே. நீங்களே கூட்டியாந்து போட்டுக் குடுங்க."

மாமா அந்தத் தடவை மலைக்கு ஏறும் முன்னால் தேவாரம் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார். பச்சை குத்தினவள் எங்கோ தெற்கே போய்விட்டாளாம். தை மாதம்தான் இந்தப் பக்கம் வருவாள் என்றார்கள். தை மாதம், காய் பறிப்பு ஓய்ந்து மாமா கீழே இருந்த சமயம், அவளே எங்கள் தெருவுக்கு வந்தாள். மாமாதான் முதலில் போய்ப் பிடித்தார். நடந்ததைச் சொன்னதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் போட்ட தேளைப் பாத்து அடிக்கவே அடிச்சாகளா! இனிமே எல்லா ஊருலயும் இதைச் சொல்லித்தான் தொழில் பண்ணுவேன்" என்றாள்.

இந்தத் தடவை அத்தையின் கையை மாமா பிடித்துக்கொண்டார். கொடுக்கு மட்டும்தான். ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட ஆகாது. ஊசி இறங்கினதும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெற்றியில் வேர்வை. "முடிஞ்சிருச்சா? முடிஞ்சிருச்சா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க, அத்தை, "எனக்குத்தான குத்துறாக. நீங்க ஏன் என் விரலை ஒடிக்கிறீங்க?" என்றார்.

அதற்குப் பிறகான நாட்களில் மாமாதான் காவல். நான் சொன்னதைவிடப் பத்து மடங்கு கெடுபிடி. அத்தை வாசலில் எட்டிப் பார்த்தாலே, "வெயிலு, வெயிலு" என்பார். தானும் கருவாடு தொடவில்லை. "ஒரே வீட்டுல வாசனை வந்தா அவளுக்கு ஆசை வருமில்ல" என்றார். தண்ணீர் இறைத்தார், பாத்திரம் விளக்கினார். ஒரு நாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவரே சோறு வடித்தார், குழைந்துவிட்டது. தோட்டத்தில் நாற்பது ஆட்களை மிரட்டி வேலை வாங்குகிற மனிதர், கடுகு அளவுப் புண்ணுக்கு அப்படி அல்லாடினார். அத்தை குழைந்த சோற்றை நன்றாகப் பிசைந்து சாப்பிட்டார். கொடுக்கு நன்றாக விழுந்தது. முதலில் குத்தின தேளின் உடம்பைவிட ஒரு படி கறுப்பாகவே நின்றது.

பங்குனியில் ராசிங்காபுரத்தில் என் தங்கை கல்யாணம். எல்லோரும் பஸ்சில் போனோம். பந்தியில் அத்தை, தான் பரிமாறுவதாகச் சொல்லி, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டார். என் அம்மாவும் அக்காமார்களும் அத்தையைப் பந்திக்கு நடுவிலேயே நிறுத்தி, கையை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பச்சை பார்க்கிற கண் அவர்களுக்கு உண்டு. கோடு எங்கே பிசிறியிருக்கிறது, எங்கே பொருக்கு முன்னாடியே போயிருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். ஒன்றும் குறை சொல்லவில்லை. "நல்லா ஆத்தியிருக்கீங்க மதினி" என்று என் அம்மா சொன்னபோது, அத்தை என் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

எங்கள் தெருவில் அதற்கு முன்னால் பச்சை குத்துகிறவளை யாரும் அவ்வளவாகக் கூப்பிட்டதில்லை. அத்தை போட்டுக்கொண்ட பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள். யாருக்காவது கை வீங்கினாலும் அரித்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கேட்க வருவது என்னிடம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வெந்நீரில் கழுவு, விளக்கெண்ணெய் போடு, செவ்வாய்க்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. செவ்வாய்க்கிழமையை அவர் எங்கிருந்து பிடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். ஒருவருக்கும் கை கெட்டுப் போகவில்லை. நான் எதிரே உட்கார்ந்து காம்பு கிள்ளியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். திருத்த வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.